மருமவனே, பழசை மட்டும் வித்துராத

கேக்குது மருமவனே, நல்லாவே கேக்குது. என்னுது பட்டன் போனுதான், ஆனா நீ பேசுதது பூரா வெளங்குது. புது ஆம்ப்ளிஃபயர் வந்துட்டாமே! நாலு வருசத்துல இது மூணாவதா, நாலாவதா? சந்தோசம். சம்பாதிக்க புள்ள, நாலு பொருளு வாங்கத்தான் செய்யணும்.

அடுத்து எதை மாத்தலாம்னு எங்கிட்டயா கேக்க? நான் யாரு, இருவது வருசம் மைக் செட் போட்டவன். கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் வேப்பமரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே சாக்கை விரிச்சுக் கெடந்தவன். நீ மெட்ராஸ்ல ஏசி போட்டுப் பாட்டு கேக்கவன். இருந்தாலும் கேட்டுட்ட, சொல்லுதேன்.

50 வாட்ஸ் வச்சிருந்த. சத்தம் பத்தலன்னு 100 வாட்ஸ் வாங்குன. ரெண்டு மடங்கு சத்தம் வந்துதா? வராது. காதுக்கு நம்ம வாய்ப்பாடு தெரியாது மருமவனே. வாட்ஸை இரட்டிச்சா கூடுதது 3 டெசிபல்தான். ரெண்டு மடங்கு சத்தமாக் கேக்கணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும், 50-க்கு 500. அதுக்குள்ள கீழ்வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டுருவான். நம்ம குழாய் இருக்குல்லா, அதுக்கு ஒத்த வாட்ஸ் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி 105 டெசிபல் கத்தும். ஒம் ஸ்பீக்கர் பாக்ஸு அதே ஒத்த வாட்ஸுக்கு 85 தான் பேசும். குழாய் அளவுக்கு அதைக் கத்த வைக்கணும்னா 100 வாட்ஸ் ஊத்தணும். இதெல்லாம் பாக்ஸு அட்டையிலயே போட்டிருக்கும். நீ வாட்ஸைப் பாத்த, அதுக்கு அடுத்த வரியைப் பாக்கல. அதுக்காக குழாயை வாங்கி ஹால்ல மாட்டிராத. எந்தக் கோயில் கொடைன்னு கேட்டு ஆளு வந்துரும்.

அப்புறம் நீ வாங்குன அந்த பாக்ஸ் வயரு. பட்டு நூலு சுத்துன மாதிரி இருந்துச்சே, 18,000 ரூவாயா? நல்ல வயருதான், துணி காயப்போட்டாக்கூட அறுந்து விழாது. வீட்டுக்கு ஓட்டுத 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 5 மீட்டர் போட்டா, போக வர ரெண்டு இழையிலயும் சேத்து ஓமு 0.07 தான் வரும். பாக்ஸு 8 ஓம். அதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. பாக்ஸுக்குள்ள வாய்ஸ் காயில் இருக்கு, மெல்லிசான கம்பி, மீட்டர் கணக்குல சுத்தியிருக்கும். நாலு வழிச்சாலை போட்டுக் கூட்டிட்டுப் போயி, ஒத்தையடிப் பாதையில எறக்கி விட்டிருக்க.

40,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாடுத ட்வீட்டரும் அப்படித்தான். பச்சப்புள்ளைக்கே 20,000-க்கு மேல கேக்காது. ஒனக்கு 48 முடிஞ்சிட்டு, 13,000 கேட்டாலே பெரிய காரியம். மிச்சம் யாருக்கு, மொட்டைமாடி வவ்வாலுக்கா?

கோவப்படாத. நான் வந்திருந்தப்ப ஒங்க ஹால்ல நின்னு ஒரு கை தட்டுனேன், பாத்தியா? கொசுவை அடிச்சேன்னு நெனச்சிருப்ப. கெணத்துக்குள்ள தட்டுனாப்புல சத்தம் திரும்பி வந்துச்சு. தரை பூரா டைல்ஸு, ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, சொவத்துல ஒரு காலண்டரு கூட கெடையாது. பாட்டு அங்கிட்டும் இங்கிட்டும் முட்டிக்கிட்டு நிக்குது. ஒரு ஜமுக்காளத்தை விரி, தடிச்ச திரையாப் போடு. செருப்பு ஸ்டாண்டு மேல ஒண்ணு, கொலு பொம்மைக்குப் பின்னால ஒண்ணுன்னு வச்சிருக்கியே, அந்த ரெண்டு பாக்ஸையும் சொவத்தை விட்டுத் தள்ளி, ட்வீட்டர் காது உசரத்துக்கு வரும்படி வையி. பாக்ஸுக்கும் பாக்ஸுக்கும் எத்தனை அடியோ, நீ உக்காருத எடத்துக்கும் அத்தனை அடி. இதுக்குக் காசு கெடையாது. அதனாலதான் ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டான்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். அடிச்சத்தம் பத்தலன்னுதானே இத்தனை ஆம்ப்ளிஃபயரு, அதுக்கு மேல ஒரு சப்-ஊஃபரு? பழைய டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணு போடச் சொன்னேன். கெழவனுக்கு ஆசைன்னு போட்ட. அது மோனோ பாட்டு மருமவனே. 1978-ல ‘ப்ரியா’ படம் வந்தப்பதான் நம்ம பக்கம் ஸ்டீரியோங்க பேச்சு பெருசா எழும்புச்சு. மோனோ பாட்டுல ரெண்டு பாக்ஸும் ஒண்ணையேதான் சொல்லும், குரலு நட்டநடுவுல, டி.வி. இருக்க எடத்துல நிக்கணும். ஒங்க வீட்டுல அவரு நிக்க எடம் இல்லாம ஹால் பூரா அலைஞ்சாரு.

நீ காப்பி எடுக்கப் போன நேரம், செட்டை அமத்தி, பாக்ஸ் வயரைக் கழத்தி, சொவர்க் கடியாரத்துல இருந்த 1.5 வோல்ட் பேட்டரியை ரெண்டு நுனியிலயும் தொட்டுப் பாத்தேன். சிவப்புல பிளஸ். ஒரு பாக்ஸ்ல கோன் முன்னால துருத்துச்சு. இன்னொண்ணுல உள்ள போச்சு. ஒண்ணுல சிவப்பும் கறுப்பும் மாத்திச் சொருகியிருக்க! ஒண்ணு காத்தைத் தள்ளுத நேரத்துல இன்னொண்ணு இழுக்கு, அடிச்சத்தம் ரெண்டுக்கும் நடுவுல கழிஞ்சு போவுது. வண்டிக்கு முன்னால ஒரு மாடு, பின்னால ஒரு மாடு பூட்டிட்டு, நகரமாட்டேங்குன்னு புதுப் புது வண்டியா வாங்கிட்டு இருந்திருக்க.

எப்பப் பாத்தேன்னா? ரெண்டு பொங்கலுக்கு முந்தி. கடியாரம் அஞ்சு நிமிசம் பின்னால ஓடுதுன்னு ஒம் பொண்டாட்டி சொன்னால்லா, அது அன்னைக்குத்தான்.

இரு, இரு, கத்தாத. காரணம் இருக்கு. ஓரத்து ஃபோம் உதுந்துட்டுன்னு ஒங்கப்பா காலத்து பாக்ஸைத் தூக்கிப் போட்டேல்லா? 15 வருசம் போனா ஃபோம் உதுரத்தான் செய்யும். புது வளையம் வாங்கி ஒட்டுனேன், இப்ப நம்ம திண்ணையில பாடுது. ஒன் முதல் ஆம்ப்ளிஃபயரு அதுக்குப் பக்கத்துல. ரெண்டாவது மாட்டுத் தொழுவத்துல, பசுவுக்கு. வயரு மாறிக் கெடக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா இதெல்லாம் எங்க ஊருக்கு வந்திருக்குமா?

இப்ப சொல்லுததுக்கு ஒங்க அத்ததான் காரணம். இன்னொரு பெட்டி வாசப்படி ஏறுனா என்னையும் சேத்து வெளிய வச்சிருவேன்னுட்டா. ஆம்ப்ளிஃபயரு போதும் எனக்கு. நீ போயி வயரை மாத்திச் சொருகு.

ரெக்கார்டு பிளேயரு ஒண்ணு பாத்து வச்சிருக்கியாமே? வாங்கு, வாங்கு. நான் எடைக்குப் போட்ட ரெக்கார்டையெல்லாம் ஒன்னை மாதிரி ஆளுதான் இப்ப ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குதான். கிராமபோன் காலத்துல ஒரு பக்கம் ஓடி முடிஞ்சா இரும்பு முள்ளை மாத்தணும். இப்ப வார வைர முள்ளு 500, 1,000 மணி நேரம் தாங்கும். அது வரைக்கும் நீ தாங்குவியான்னுதான் தெரியல. சலிச்சிட்டா வித்துராத, அட்டைப்பெட்டியையும் கிழிக்காம வையி. எங்க கட்டிலுக்கு அடியில இன்னும் ஒன்றரை அடி எடம் கெடக்கு.