மக்காத மாமணியே, மலைக்கு வருக!

ரப்பர் மூடாக்கே, உன்னைப் பாட எனக்குத் தகுதி போதாது. ஆனாலும் கேமரன் மலையில் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி விடுதி கட்டி, வாசலில் பூச்செடி வளர்க்கும் புண்ணியவான்கள் செடியடியில் எதைப் பரப்பலாம் என்று கேட்டால், உன் பெயரைத்தானே சொல்ல வேண்டும்?

உன் குலம் சாதாரணக் குலமா? 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கப்பலேறி லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டே கோலகங்சாரில் கன்றாகக் காலூன்றிய வம்சம். எங்கள் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடி, கொசுக்கடியில் நின்று பால் வெட்டியது உன் முன்னோரிடம்தான். பிறகு பெட்ரோலியத்தில் பிறந்த செயற்கை ரப்பரோடு சம்பந்தம் செய்து டயரானாய், ஊரெல்லாம் உருண்டாய், தேய்ந்ததும் துண்டுதுண்டாகி, சிவப்புச் சாயம் பூசி, மரப்பட்டை வேடத்தில் வந்து நிற்கிறாய். ஓய்வு பெற்ற பிறகும் வேலை கேட்கும் உன் சுறுசுறுப்புக்கு ஈடுண்டா? கொல்லையில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்க்கும் பழைய டயரை நறுக்கிப் பயன்படுத்துவது நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்?

இங்கே உனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர்களை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற கிளையும் இலையும் செடிகளுக்கு இடையிலேயே கிடக்கும். சில மாதம் கழித்துக் கையால் விலக்கிப் பார்த்தால், மேலே நொறுங்கும் சாம்பல் நிறக் குச்சி, நடுவே வெறும் நரம்பாகிவிட்ட இலை, அடியில் ஈரம் வற்றாத கறுத்த மண், அதில் நெளியும் புழு. மானம் கெட்ட சருகு! செடியிடம் வாங்கியதைச் செடிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு உருத்தெரியாமல் போகிறது. நீ அப்படியா? பத்து வருஷம் கிடந்தாலும் மண்ணுக்கு ஒரு பிடி உரம் தர மாட்டாய். வாங்கியவர் மறுபடி வாங்கத் தேவையில்லை. வேண்டாம் என்று மனம் மாறினாலும் உன்னை முழுசாகப் பொறுக்கி எடுக்க முடியாது. இப்படி ஒட்டிக்கொள்ளும் உறவு இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

அதற்காக உன்னைக் கஞ்சன் என்றால் நாக்கு அழுகிவிடும். டயர் செய்யும்போது சேர்த்த துத்தநாகத்தை மழை பெய்யப் பெய்ய மண்ணுக்குத் தானம் செய்கிறாய். புளித்த மண்ணில் துத்தநாகம் இன்னும் தாராளமாகக் கரையும். தேயிலை விளையும் மண்ணோ புளித்த மண். மழைக்கோ இந்த மலையில் பஞ்சமே இல்லை. கர்ணனுக்குக்கூட இவ்வளவு தோதான இடம் வாய்க்கவில்லை. அளவு மிஞ்சி இலை வெளுத்து வளர்ச்சி குன்றினால் அது செடியின் ஜீரணக் கோளாறு. டயரில் வெடிப்பு விழாமலிருக்கக் கலக்கும் ஒரு வேதிப்பொருள், ஓசோன் பட்டு நஞ்சாக மாறி, மழைநீரோடு ஓடைகளில் இறங்கி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் மலை ஓடைகளில் சால்மன் கிடையாது. ஆகவே நீ நிரபராதி. தீப்பிடித்தால் லேசில் அணையாத உன் வைராக்கியத்தைத் தீயணைப்புக்காரர்கள் சொல்லக் கேட்க வேண்டும்.

மலைக்கு வரக் கூச்சப்படாதே. உன் அண்ணன் பிளாஸ்டிக் எப்போதோ ஏறிவிட்டான். காய்கறித் தோட்டங்களில் தலைக்கு மேல் கூரையும் அவன்தான், பாத்தியை மூடிய வெள்ளியும் கறுப்புமான விரிப்பும் அவன்தான். களை வராது, ஈரம் காயாது. கிழிந்தபின் எங்கே போவது என்பது மட்டும் அவன் கவலையல்ல. கூரையில் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடும். காடு வெட்டித் திருத்திய சரிவுகளின் மண் அதோடு சேர்ந்து ரிங்லெட் ஏரியில் படியும். 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. தூர் வாரி மாளவில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழைக்குப் பின் அந்த அணையைத் திறந்துவிட்டபோது அதன் கீழேயுள்ள பெர்த்தாம் வேலியில் வீடுகளோடு உயிர்களும் போயின. இவ்வளவு நிரம்பிய ஏரியில் உனக்கு மட்டும் இடமில்லாமலா போகும்? ஒரு நல்ல மழை போதும், சரிவு உன்னை வழியனுப்பி வைக்கும்.

ஒரே ஒரு விண்ணப்பம். ஊஞ்சலிலிருந்து விழும் பிள்ளையின் முழங்காலைத் தாங்க உன்னைப்போல் மெத்தை கிடைப்பது அரிது. கம்பித் துணுக்குகளை நீக்கி, சுற்றிலும் கரை கட்டி அங்கே உன்னை உட்கார வைத்தால் நானே கைதட்டுவேன். செடியடி மட்டும் உன் அந்தஸ்துக்குக் குறைச்சல். அங்கே மண்ணாகிப் போகத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை. சாகாவரம் வாங்கி வந்த உனக்கு அந்தத் தகுதி எந்த ஜென்மத்தில் வரப்போகிறது?