சலவை இயந்திரத்தின் ஓசை: எண்வகைத் தேர்வு வழியே ஒரு முன்னாய்வு

சித்த மருத்துவர் நோயாளியை எட்டு வகையில் சோதிப்பார்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவ்வெட்டும் முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கும் செவ்வனே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் ஞாயிறு காலை பத்து மணிக்கு எம் வீட்டுக்கு வந்து காது கொடுக்கலாம்.

முதலில் மொழி. நோயாளி மூன்று மொழிகள் பேசும்: துணி பிழியும்போது 'தடதட', அப்போதே சில நாள் 'கரகர', தண்ணீர் வெளியேறும்போது 'கடகட'.

'தடதட' குறித்து எம் இல்லத்தில் இரு மரபுகள் உண்டு. பழைய தினசரி காலண்டர் அட்டையை மடித்து ஒரு காலடியில் செருகினால் தீரும் என்பது மாமியார் மரபு. "ஒத்தப் போர்வையை மட்டும் போட்டது யாரு?" என்பது மனைவி மரபு. பின்னது வினா வடிவில் இருப்பினும் விடையே. டிரம்மின் விட்டம் 50 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று கொண்டால், விளிம்பில் ஒட்டிய துணி தன் எடையைப்போல் ஏறத்தாழ 280 மடங்கு விசையோடு டிரம்மை அழுத்தும். ஒரு பக்கமாகச் சுருண்ட ஈரப் போர்வைக்கு எந்தக் காலண்டர் அட்டை ஈடுகொடுக்கும்? ஆயினும் மாமியாரை முற்றாகத் தள்ளுவதற்கில்லை (தள்ளவும் முடியாது). மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சமன்செய்து, நட்டை இறுக்கினால் பாதி ஓசை அடங்குகிறது.

'கரகர' கொடிது. மெஷினை நிறுத்தி, வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், இது ஸ்பரிசம். அம்மியில் மணல் அரைபடுவதுபோல் கைக்குத் தெரிந்தால் பேரிங் போயிற்று. ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் கசிந்து, கிரீஸ் கழுவப்பட்டுத் துரு ஏறுவதே நோய்முதல். பேரிங் எண்ணுக்கும் இலக்கணம் உண்டு: 6205 எனில் ஈற்றிலுள்ள 05-ஐ ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மி.மீ. இதை எமக்கு விளக்கிய மெக்கானிக், "புதுசே வாங்கிடுங்க சார்" என்று உரையை முடித்துக்கொண்டார்.

நா என்பது சோப்புத்தூள் தட்டு. வெளியே நீட்டச் சொல்லிப் பார்த்ததில் வெண்மாவு படிந்திருந்தது; தூள் மிகை. நிறமும் விழியும் இயல்பு. நாடி பார்க்கையில் எமக்கே ஷாக் அடித்தது. அது எர்த் கோளாறு, எலக்ட்ரீசியன் ஆய்வுக்குரியது.

எஞ்சியது மலம். கீழ்மூலையிலுள்ள சிறு மூடிக்குள் பம்ப் ஃபில்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, மெல்லத் திருக வேண்டும். தட்டு வைக்க யாம் மறந்தமையால் மூத்திரப் பரிசோதனையும் அதே வேளையில் தரையில் இனிதே நிறைவேறிற்று. கிடைத்தவை: ஊக்கு ஒன்று, பொத்தான் இரண்டு, பஸ் டிக்கெட் கூழ் சிறிது, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. 'கடகட' அன்றே நின்றது.

நாணயம் எவர் பையிலிருந்து விழுந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வீட்டில் பை வைத்த சட்டை போடுபவர் ஒருவரே.