அம்மாவைத் தேயிலைச் செடியாகப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம்

பணிப்பாளர் அவர்கள்,
தேயிலை ஆராய்ச்சி நிறுவனம்,
சென் கூம்ஸ், தலவாக்கலை.

பிரதிகள்: திறைசேரி, தோட்டக் கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் (படிக்க நேரமிருந்தால்).

ஐயா,

லிந்துலையில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து எழுதுகிறேன். தங்கள் நிறுவனம் 1925இல் தொடங்கியது. நூறு வருஷமாகத் தேயிலையின் நோய் நொடியைக் கவனித்து வருகிறீர்கள். வேருக்கு வரும் புழுவுக்கும் இலைக்கு வரும் கொப்புள நோய்க்கும் அங்கே படித்த ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் துணிச்சலில்தான் தங்கள் வாசலுக்கு வருகிறேன்.

என் அம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். இப்போது பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து சதம் வாங்கவில்லை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். துண்டு வெட்டி அனுப்பும்போதுதான், "வீட்டில் வைத்து நன்றாகப் பாருங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள்" என்றார்கள். வீடு என்று அவர்கள் சொன்னது பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. திருப்ப வேண்டியவள் என் மனைவி. அவளோ காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவள்.

அவள் நின்றுவிட்டால் என்ன போகும்? 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. 2026 பட்ஜெட்டில் அதை 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். அதில் 200 ரூபாய் அரசாங்கம் தரும் வருகை ஊக்குவிப்பு. மலைக்கு வந்தால் ஊக்குவிப்பு. மாமியாரின் மலசலம் அள்ள வீட்டில் நின்றால் நாட்பேரும் இல்லை, ஊக்குவிப்பும் இல்லை.

பராமரிப்பு இல்லங்களையும் விசாரித்தோம். ஒன்றில், "தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா?" என்று கேட்டார்கள். பார்த்துக்கொள்வாரென்றால் நாங்கள் ஏன் அங்கே போய் நிற்கிறோம்? கொழும்புப் பக்கம் இன்னொன்றில் எதுவும் கேட்காமல் கட்டணத்தை மட்டும் சொன்னார்கள்: மாதம் ஒரு லட்சம், டயப்பரும் மருந்தும் வேறு. அம்மாவுக்கு வேலையிலிருந்து பேர் வெட்டிய காலத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். சட்டப்படி வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்று சர்விஸ் காசு (பணிக்கொடை) கணக்குப் பார்த்தால், முப்பது வருஷத்துக்கு 1,89,000. ஒரு ஆயுள் உழைப்பு அந்த இல்லத்தில் இரண்டு மாதத்துக்குக் காணாது. அந்தக் காசும் எப்போதோ தங்கச்சி கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டது. 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் 5,000 ரூபாய் ஏறத்தாழ ஒரு வாரத்து டயப்பருக்குச் சரி.

மிச்சத்தை அனுப்புவது அக்கா. அவள் குவைத்தில் யாரோ ஒருவருடைய தாயைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள். அந்தச் சம்பளத்தில் நாங்கள் எங்கள் தாயைத் திருப்ப ஆள் தேடுகிறோம்.

ஆகவே அம்மாவை ஒரு தேயிலைச் செடியாகப் பதிவு செய்து, பின்வரும் சலுகைகளைப் பெற்றுத் தருமாறு தயவாய்க் கேட்கிறேன்.

1. கவ்வாத்து வெட்டிய செடியிடம் சில மாதம் யாரும் கொழுந்து கேட்பதில்லை. பாசி சுரண்டி, வெட்டுவாயில் மருந்து பூசித் தளிர்க்க விடுகிறார்கள். அம்மாவின் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்திருக்கிறது. அதைச் சேலைனில் கழுவிக் கட்டுவது ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் என் மகள். வெட்டுவாய்க்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

2. கிழட்டுச் செடியைப் பிடுங்கிய மண்ணில் குவாத்தமாலா புல் நட்டு, ஏறத்தாழ இரண்டு வருஷம் ஓய்வு கொடுக்கச் சொல்வது தாங்கள்தான். மண்ணுக்கு உண்டென்றால், அந்த மண்ணில் நின்ற காலுக்கும் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பவும்.

3. மறுநடுகைக்கு மானியம் இருக்கிறது. கொழுந்தெடுத்த கையின் பேரில் அப்படி ஒரு செலவுத் தலைப்பு கிடையாது. அம்மாவைச் செடிக் கணக்கில் சேர்த்தால் யாருக்கும் புதிதாகத் தலைப்புத் திறக்கும் சிரமம் இராது.

தோட்டத்துக்கு ஆளைப் பராமரிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக் காம்பரா இருக்கிறது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாற்றியிருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்தால் தாய் மலைக்கு வருவாள் என்ற கணக்கு வெள்ளைக்காரத் துரைக்கே தெரிந்திருந்தது. கிழவியைப் பார்க்க ஆள் வைத்தால் மருமகள் மலைக்கு வருவாள் என்ற அதே கணக்கு இன்றுவரை ஒரு துரைக்கும் ஓடவில்லை. ஆளில்லாமல் கொழுந்து முற்றுகிறது என்று மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அழுகிறார்கள்.

அம்மாவைச் செடியாக்கச் சட்டம் இடம் கொடுக்காவிட்டால், பிரதி கிடைத்தவர்களுக்கு மாற்று வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் நாலு கட்டில் போடுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரை வேலைக்கு வையுங்கள். படுக்கையில் கிடப்பவருக்காக வீட்டில் நிற்கிறவளுக்கு அரைநாள் பேராவது போடுங்கள். செலவைக் கம்பெனியும் அரசாங்கமும் பாதி பாதியாக ஏற்கட்டும். வருகைக்கு 200 ரூபாய் கொடுக்கத் திறைசேரியால் முடியுமென்றால் இதற்கும் முடியும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. நல்ல சட்டம், தலை வணங்குகிறோம். அம்மா பெற்றது மூன்று பேரை. எங்கள் மூவருக்கும் கொடுத்த நேரத்தைவிட அதிக நேரம் கொடுத்து அவர் வளர்த்தது இந்தத் தோட்டத்தை. பராமரிப்புச் செலவைப் பங்கு போடும் நாளில் அந்த நாலாவது பிள்ளைக்கும் அழைப்பாணை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளில் ஒருவன்,
லிந்துலை.