ஒரு மாலைக்கு ஒரு சோதனை

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் உளவியல் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஹென்றி காரெட்டின் புள்ளியியல் புத்தகம் இல்லாமல் ஆய்வேடு கிடையாது. 1926-இல் அமெரிக்காவில் முதல் பதிப்பு கண்ட நூல். எங்கள் கைக்கு வந்தபோது நடுப்பக்கங்கள் புதிதாகவே இருந்தன. கடைசியில் உள்ள அட்டவணைகள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன.

விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து வருபவர்களுக்கும் பதற்றத்தில் வேறுபாடு உண்டா என்று பார்க்க வேண்டுமானால், ஒருத்தி மதிப்பெண்களை வாசிப்பாள், இன்னொருத்தி கால்குலேட்டரில் தட்டுவாள். சராசரி, விலகல், வர்க்கம், கூட்டுத்தொகை, வர்க்கமூலம். நடுவில் ஓர் எண் பிசகினால் முதலிலிருந்து. இருட்டும் நேரத்தில் 'டி' மதிப்பு கிடைக்கும். அட்டவணையில் 0.05 என்ற நிரலில் விரல் வைத்து, எங்கள் எண் அதைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வருவது இருபதில் ஒரு முறைக்கும் குறைவு என்பதுதான் அந்தத் தாண்டலின் பொருள். அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

ஒரு சோதனைக்கு ஒரு மாலை போனதால், எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவோம். வயதுவாரியாக, பாலினவாரியாக, பிறந்த வரிசைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. நேர்மை காரணம் என்று சொல்ல மாட்டேன், விரல் வலித்தது.

இப்போது ஆய்வேடுகளைத் திருத்தும் இடத்தில் இருக்கிறேன். மடிக்கணினியில் உள்ள எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள், ஓர் ஆய்வில் இருபது மாறிகள் இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, 190 தொடர்புகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொட்டிவிடுகிறது. எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், அவற்றில் ஒன்பது பத்துக்கு 0.05-க்கான நட்சத்திரக் குறி தானாக விழும். விழுந்த இடங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே தொடக்கத்திலிருந்து எதிர்பார்த்ததாகக் கருதுகோள் எழுதிவிடலாம். இந்தப் பழக்கத்தை நார்பர்ட் கெர் 1998-லேயே விரிவாக எழுதிக் கண்டித்தார். 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இது எவ்வளவு தூரம் போகும் என்று செய்தே காட்டினார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறு இசை கேட்டவர்களுடையதைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துபோனதாக, வழக்கமான சோதனையை வைத்தே 'நிரூபித்தார்கள்'. அந்தக் கட்டுரையை நான் இன்றும் முதல் வகுப்பில் கொடுக்கிறேன்.

அந்தக் கட்டுரை வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெருங்குழு, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் 97 சதவீதத்தில் 'குறிப்பிடத்தக்க' முடிவு. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான். 0.05-ஐ 1925-இல் பரப்பிய ரொனால்ட் ஃபிஷரே, முறையாக அமைத்த சோதனை திரும்பத் திரும்ப அந்த அளவை எட்டினால்தான் உண்மை நிலைபெறும் என்று அடுத்த ஆண்டு எழுதியிருந்தார். எண்ணை எடுத்துக்கொண்ட நாங்கள் அந்த நிபந்தனையைப் படிக்கவே இல்லை.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்றால் பொய். ஒரு பிரபல இதழின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரைகளை ஆராய்ந்த ஜேக்கப் கோஹன், நடுத்தர அளவிலான விளைவு ஒன்று உண்மையாகவே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த ஆய்வுகளுக்குச் சராசரியாகப் பாதிகூட இல்லை என்று 1962-இல் காட்டினார். மாதிரி அவ்வளவு சிறியது. எங்களுடையதும் பெரிதல்ல. என் தோழியின் ஆய்வில் இரு குழுவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. "அப்போ நீ என்னம்மா கண்டுபிடிச்சே?" என்று வைவாவில் கேட்டார்கள். அவள் கண்ணீரோடு வெளியே வந்தாள். ஆய்வேடு இரும்பு அலமாரிக்குள் போயிற்று. இப்படி அலமாரிக்குள் போனவற்றால் ஓர் அறிவுத்துறையின் கணக்கே எப்படிச் சாயும் என்பதை ராபர்ட் ரோசென்தால் 1979-லேயே எழுதிவிட்டார். என் தோழியிடம் கேட்ட அதே கேள்வி இன்றும் வைவாக்களில் என் காதில் விழுகிறது. கருவிகள் எல்லாம் மாறின, இது மட்டும் மாறவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

விரல் வலி தந்த கட்டுப்பாட்டை இப்போது வலிந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தரவு திரட்டும் முன்பே கருதுகோள், மாதிரி அளவு, செய்யப்போகும் சோதனை மூன்றையும் எழுதிப் பொதுவில் பதிவு செய்துவிடும் முறை பரவி வருகிறது. 'கார்டெக்ஸ்' போன்ற இதழ்கள் 2013 முதல் முடிவு தெரியும் முன்பே, திட்டத்தை மட்டும் பார்த்துக் கட்டுரையை ஏற்கின்றன. வேறுபாடு தென்படாவிட்டாலும் அது அச்சேறும்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது நம் மாணவர்களும் ஆய்வுத் திட்டம் ஒன்றைக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அது கோப்புக்குள் போய்விடுகிறது. ஆய்வேட்டோடு யாரும் ஒப்பிடுவதில்லை. அதை ஆய்வேட்டின் முதல் பின்னிணைப்பாகவே கட்டச் சொல்ல வேண்டும். தேர்வாளராக என்னை அழைப்பவர்களிடம் அந்தத் திட்டத்தைத்தான் முதலில் கேட்கிறேன். சில துறைகள் தேடி எடுத்து அனுப்புகின்றன. சிலர் அதெல்லாம் எதற்கு மேடம் என்கிறார்கள். அது வரும்வரை ஆய்வேட்டின் முடிவுகள் பகுதியை நான் திறப்பதில்லை.