வேலியோரத்து விலைஞானி

இந்தத் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று அறிய விரும்புகிறவர்கள் தரகர் அலுவலகத்துக்குப் போய்ப் பொழுதை வீணாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கையில் பெரிய கத்தரியுடன் சிறிய ஏணிப்படியின் மேல் ஏறி நின்று, ஏற்கெனவே மட்டமாக இருக்கும் வேலிச் செடியை மேலும் மட்டமாக்கிக்கொண்டிருக்கும் பெரியவரின் கண்ணில் படும்படியாக நம் வாசலில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும். முதலில் மழையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வார். மழை ஓய்ந்ததும் முப்பத்திரண்டாம் எண் வீடு வரும்.

இங்கிலாந்தில் ஒரு மனிதனின் சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம். அவன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டான் என்று கேட்பது அதனினும் அநாகரிகம். நம் ஊரில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் இவ்விரண்டையும் விழுப்புரம் வருவதற்குள் சாவகாசமாக விசாரித்து முடித்துவிடுவார். ஆனால் அவரே வீட்டின் விலையைக் கேட்டாரானால், பத்திரத்தில் எழுதிய தொகையைச் சொல்வதா, கையில் கொடுத்த தொகையைச் சொல்வதா என்று நாம் ஒரு கணம் தடுமாறிப் போவோம். இங்கே அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை. 1990 டிசம்பரிலேயே நிலப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். 1995 ஜனவரி முதல் விற்ற வீடுகளின் விலையோ, தெருப் பெயர், கதவு எண், தேதி சகிதமாக, எவர் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கிறது. அண்டை வீட்டுக்காரனின் மாத வருமானத்தை அறிய ஆசைப்படுவது அற்பத்தனம் என்று குழந்தைப் பருவம் முதல் போதிக்கப்பட்ட ஒரு ஜனசமூகத்துக்கு, அவன் தன் வாழ்நாளிலேயே செலவழித்த மிகப் பெரிய தொகையைச் சர்க்காரே கூப்பிட்டுச் சொல்கிறது. பெரியவர் இந்த அனுகூலத்தை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. மாதக் கடைசியில் புதிய பட்டியல் வெளியாகும் நாளைப் பஞ்சாங்கக்காரர் அமாவாசையைக் கணித்து வைத்திருப்பதுபோல் கணித்து வைத்திருக்கிறார்.

பட்டியல் வந்ததும் அது நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஏறும். கதவு எண், வருஷம், விலை, இவற்றுக்குப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் பெரியவரின் அபிப்பிராயம்: பின்புறம் நீட்டிக் கட்டியது, பரணை அறையாக்கியது, சமையலறை மோசம், தோட்டம் வடக்குப் பார்த்தது. இந்தப் பகுதி வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் ஒப்பிடுவது அவருக்குச் சுலபமாயிருக்கிறது. லண்டனுக்கு வடமேற்கே, ரெய்னர்ஸ் லேனுக்கும் பின்னருக்கும் இடைப்பட்ட வயல்வெளிகளை மெட்ரோபாலிட்டன் ரயில்வேக் கம்பெனி 1915 முதல் ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயரிட்டு விளம்பரம் செய்து, ஜனங்களைக் குடியேற்றித் தன் ரயிலில் ஏற்றிற்று. அப்போது எழும்பியவைதான் நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக நிற்கும் இந்த வீடுகள். முகப்பில் வில்லாக வளைந்து துருத்தும் ஜன்னல், எட்டாம் ஹென்றி காலத்து மர வீடென்று நம்மை நம்பச் சொல்லும் கறுப்புச் சட்டங்கள், பூசிய சுவரில் அள்ளி வீசிய கூழாங்கற்கள். அந்நாளில் ஆயிரம் பவுண்டுக்குள் இப்படியொரு வீடு கிடைத்தது என்பதைப் பெரியவர் சொல்லும்போது, அதைத் தாமே வாங்கத் தவறிவிட்டது போன்ற ஓர் ஏக்கம் குரலில் தொனிக்கும். அவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர் தம் வீட்டை வாங்கியது 1983-இல், நாற்பதாயிரத்துச் சொச்சத்துக்கு. அந்தச் சொச்சம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மனிதர்களை அவர் பெயரால் அறிவதில்லை என்று சொன்னால் அபாண்டமாகும். அறிவார், ஆனால் விலையோடு சேர்த்து அறிவார். “ஐந்து லட்சத்து எண்பதுக்கு வாங்கினாரே, பல் வைத்தியர்” என்பார். தெருக்கோடி வீட்டில் தனியாக வாழ்ந்த அம்மையார் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவர்தான். தொப்பியைக் கழற்றினார். அம்மையார் எவ்வளவு நல்லவர், கிறிஸ்துமஸுக்கு எவ்வளவு சிரத்தையாகக் கேக் செய்து கொடுப்பார் என்றெல்லாம் உண்மையான துக்கத்துடன் பேசிவிட்டு, தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்ட மறுகணமே, “சமையலறையை எழுபதுகளுக்குப் பிறகு தொடவே இல்லை; ஆறு லட்சத்துக்கு மேல் போகாது” என்றார். போனது ஆறு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு. அம்மையாரைத் தாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக அவர் வெகுநாள் வருத்தப்பட்டார்.

நான் என்ன கொடுத்தேன் என்பதை என் தாயாருக்கே ஒரு லட்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். பெரியவரிடம் அந்த உபாயம் செல்லவில்லை. இந்த நாட்டில் விலை பேசி முடித்து, கை குலுக்கி, தரகர் வாசலில் பலகையை மாற்றி நட்ட பிறகும், வக்கீல்கள் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரையில் எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவரல்லர். எனக்கு விற்பவர் வாங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் வாங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு நாள் காலையில் மனம் மாறினாளானால், அத்தனை குடும்பங்களின் பெட்டி படுக்கையும் கட்டியபடியே கிடக்கும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நான் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், என்னைக் கண்ணாலும் கண்டிராத பெரியவர் வேலிக்கு அந்தப்புறமிருந்து யாவற்றையும் கவனித்து வந்திருக்கிறார். எனக்கு முன்னால் வந்து பின்வாங்கியவர் எவ்வளவு கேட்டார், சுவரின் ஈரத்தைச் சோதிக்க வந்தவர் எத்தனை நேரம் நின்றார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குடிவந்து சில மாதங்களானதும், பட்டியல் வெளியான மறுநாள், ஏணிப்படியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்கள் கொடுத்தது சற்று அதிகம்தான், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் நன்மை செய்திருக்கிறீர்கள்” என்றார். பக்கத்து வீடு ஏறினால் தம் வீடும் ஏறும் என்பது அவருடைய கணக்கு. பிறத்தியாரின் கடனால் தாம் பணக்காரரானதற்கு இத்தனை மனப்பூர்வமாக நன்றி சொன்ன மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருக்கு மற்றக் குறைகளும் உண்டு. குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதில் அவருக்குத் திடமான கொள்கை இருக்கிறது. ஆனால் சண்டை போடமாட்டார். வீட்டை விற்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் அயலாருடன் தகராறு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டென்று எழுதினால் வாங்க வருபவர் ஓடிவிடுவார், இல்லையென்று பொய் எழுதினால் பிற்பாடு வழக்கு வரும். ஆகவே இங்கே தகராறுகள் தகராறு என்ற அந்தஸ்தை அடையாமலே பெருமூச்சுகளாக நின்றுவிடுகின்றன. எங்கள் தெருவின் சமாதானத்தை அந்தப் படிவம்தான் காத்து வருகிறது.

இத்தனை விலை தெரிந்தவர் ஒரு நாளும் விற்கப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. டோர்செட் கடற்கரையில் ஒரு சின்ன வீடு என்று பல வருஷமாகப் பிரஸ்தாபம் நடக்கிறது. ஆனால் அங்கேயும் 6 லட்சம் கேட்கிறார்கள். 6 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 20,000 பவுண்டு. அந்த இருபதாயிரத்தை உச்சரிக்கும்போது கத்தரி கையில் நின்றுவிடும். எனவே சொத்து காகிதத்தில் ஏறிக்கொண்டேயிருக்க, அதன் அதிபதி குளிர்காலத்தில் கணப்பை அணைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர்களுடன் நடமாடுகிறார்.

நல்ல மனிதர். நான் ஊருக்குப் போயிருந்தபோது என் குப்பைத் தொட்டிகளை வாரம் தவறாமல் வெளியே வைத்து உள்ளே எடுத்தார். பனி கொட்டிய காலையில் தம் வாசலோடு என் வாசலையும் பெருக்கினார். இந்த உபகாரங்களை நினைத்துத்தான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

ஆனால் சென்ற மாதம் ஒரு கடிதத்தோடு வந்தார். ஸ்டேஷனுக்கு அருகே மூடிக்கிடக்கும் மதுக்கடையை இடித்துவிட்டு நான்கு மாடியில் சின்னச் சின்ன வீடுகள் கட்டக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். ஆட்சேபணைக்கு என் கையெழுத்தும் வேண்டுமாம். வீட்டு விலை குறையும் என்ற காரணத்தைக் கவுன்சில் பொருட்படுத்தாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியுமாதலால், கடிதத்தில் விலை என்ற வார்த்தையே இல்லை. வெளிச்சம், வண்டி நிறுத்துமிடம், பிராந்தியத்தின் சுபாவம் என்று இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவருடைய மகனுக்கு முப்பத்துநான்கு வயது. ஒழுங்கான உத்தியோகம். கட்டிலைப் போட்டால் கதவு முழுதும் திறக்காத முன்புறத்துச் சின்ன அறையில், பள்ளிக்கூடத்துப் பையனாயிருந்தபோது படுத்த அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, முன்பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வாங்கக்கூடிய வீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழும்புமானால் அந்த மதுக்கடை மனையில்தான் எழும்ப வேண்டும்.

கையெழுத்துப் போடாமல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகனுக்கு எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மில்டன் கீன்ஸ் பக்கம் என்றார். தினமும் ரயிலில் போய் வந்துவிடலாமாம். ஆனால் அங்கேயும் விலை ஏறிக்கொண்டே போகிறதாம். நீல அட்டை நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறார். அந்தப் பக்கத்தை என்னிடம் பிரித்துக் காட்டி, இதைக் கேட்க இந்தத் தேசத்தில் நாதியே இல்லையா என்றார்.