மழைச் சோசியர்

ஊருக்கு ஒருவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். டீக்கடை பெஞ்சில் வானம் தெரிகிற முனையில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். "தட்டான் தாழப் பறக்குது பாத்தியா? மழ இருக்கு" என்பார். என்றைக்கு, எங்கே, எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டார். அவருடைய வித்தை முழுவதும் சொல்லாமல் விட்ட அந்த மூன்றில்தான் இருக்கிறது. அன்றைக்கே பெய்தால் "சொன்னேன்ல". நாலு நாள் கழித்துப் பெய்தாலும் "சொன்னேன்ல". பக்கத்து ஊரில் பெய்தால் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்குமே பெய்யவில்லையென்றால் அது ஊர் செய்த பாவம். அந்தக் கணக்கு அவருடையது அல்ல. ஐப்பசியில் அவர் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அப்போது எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாலும் மழை வரும், புற்றுக்குள் படுத்துத் தூங்கினாலும் வரும். சோதிக்க வேண்டிய மாதம் பங்குனி. பங்குனியில் அவர் அரசியல் பேசுவார்.

அவர் கூப்பிடும் சாட்சிகளையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ஆண் தவளை கத்துவது பெண் தவளையைக் கூப்பிட. மயில் தோகை விரிப்பதும் அதே காரியத்துக்குத்தான். ஈசலோ பெரும்பாலும் மழை பெய்து மண் நனைந்த பிறகே புற்றைவிட்டுக் கிளம்புகிறது. அதைப் பார்த்து மழை வரும் என்பது, எச்சில் இலையைப் பார்த்து இங்கே கல்யாணம் நடக்கப்போகிறது என்பதைப் போல. உயிரினங்கள் இப்போதைய ஈரத்தையும் வெப்பத்தையும் சொல்கின்றன. நாளைக்கு என்ன என்பதை அவர்தான் சேர்த்துக்கொள்கிறார். 1897இல் டால்பியர் என்ற அமெரிக்கர் சுவர்க்கோழியின் சத்தத்தை எண்ணி வெப்பநிலை கணக்கிட ஒரு சூத்திரமே எழுதினார். அதிலும் கிடைப்பது அந்த நேரத்து வெப்பம்தான். 1851 லண்டன் பொருட்காட்சியில் மெரிவெதர் என்ற மருத்துவர் 12 அட்டைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து, புயல் வருமுன் அவை மேலேறி மணியடிக்கும் என்று ஒரு கருவியைக் காட்டினார். நம்மூர்க்காரர் எறும்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்; வேலை வாங்கவில்லை.

அப்படியானால் எல்லாம் வெறும் கதையா என்றால், இல்லை. நிலாவைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் விழுந்தால், உயரத்து மேகத்திலுள்ள பனிப்படிகங்கள் ஒளியை ஏறத்தாழ 22 பாகை வளைக்கின்றன என்று பொருள். அத்தகைய மேகம் பல சமயம் மழைக்கு முன்னால் வந்து நிற்பது. நிலாவை ஒட்டிய சிறு வட்டம் நீர்த்துளிகளின் வேலை. இரண்டையும் வேறுபடுத்திப் பார்த்த பழைய கண்ணைக் குறைசொல்ல முடியாது.

"வானிலை ஆபீசும்தான் தப்பாச் சொல்லுது" என்று அவருடைய கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தப்பு என்று பிடிபடுவதற்கே முதலில் நாளையும் மாவட்டத்தையும் சொல்லியிருக்க வேண்டும். 1875இல் தொடங்கிய அந்தத் துறை தேதி போட்டுச் சொல்கிறது, அதனால் திட்டு வாங்குகிறது. இவர் எந்தத் தேதிக்கும் சிக்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் நடக்கப்போவதற்கு இவர் போதும். காற்றின் ஈரத்தை மூக்கிலேயே வைத்திருக்கிறார். அதனால்தான் அவர் வீட்டு மருமகள் மாமனாரைக் கேட்டுக்கொண்டு மாடியில் வடகம் போடுகிறாள். நாற்று விடும் நாளை மட்டும் மகன் அவரிடம் கேட்பதில்லை.