இடது சிடாம், வலது சிடாம்

சிடாம் கிரி என்று சொன்னதும் தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள் கார் கண்ணாடி வழியாக மலையைத் தேடுவார்கள். நீலகிரி, சிவகிரி வரிசையில் இதுவும் ஒன்று என்ற நினைப்பு. மலாய் மொழியில் கிரி என்றால் இடது. கெடாவில் கோல மூடா மாவட்டத்தில் இருப்பது இடது சிடாம். பக்கத்துக் கூலிம் மாவட்டத்தில் சிடாம் கானான், வலது சிடாம். யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு இந்தப் பெயர்களை வைத்தார்கள் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள்.

இந்த இடம் வலம் விவகாரம்தான் ஊரில் ஒரு பையனின் தூக்கத்தைக் கெடுத்தது. கட்டுரையாளருக்கு மருமகன் முறை. பெயரைப் போட்டால் கண்பட்டுவிடும் என்று அவன் அம்மா தடை போட்டிருப்பதால் பையன் என்றே இருக்கட்டும். கணினி அறிவியல் படித்தவன். பினாங்கில் ஒரு மென்பொருள் நிறுவனம் இண்டர்வியூவுக்கு அழைத்திருந்தது. ஒரு சுற்று அல்ல, ஐந்து சுற்று. கோயிலில் சாமியே மூணு சுத்துல எறங்கிடுது என்றார் தாத்தா.

எஸ்.பி.எம். சோதனைக்குப் பிறகு அந்த வீட்டுச் சுவரில் மறுபடியும் கால அட்டவணை ஏறியது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து லீட்கோட்டில் கணக்குப் போடுவான். உலகம் முழுக்க நிரலாளர்கள் இண்டர்வியூவுக்குப் பழகும் தளம் அது. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரமும் உண்டு. பையன் தடுக்கி விழுந்தது 226-ஆம் கணக்கில். இருகிளை மரம் ஒன்றை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். அதற்குப் போட்டிருந்த தரம்: எளிது. கடினம் என்று போட்டிருந்தால் கௌரவமாகத் தோற்றிருப்பான்.

ஆறுதலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. மேக்ஸ் ஹோவல் உருவாக்கிய ஹோம்ப்ரூ என்ற மென்பொருள், மேக் கணினியில் வேலை செய்யும் நிரலாளர்களிடம் வெகு பிரபலம். அப்பேர்ப்பட்டவர் 2015-இல் கூகுள் இண்டர்வியூவில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று, இதே மரத்தைத் திருப்பத் தெரியாததால் வேலை கிடைக்கவில்லை என்று டுவிட்டரில் கொதித்து எழுதினார். பையன் அந்தச் செய்தியை அச்செடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டாத குறைதான்.

"அதென்னடா மரம்?" என்றார் தாத்தா. மரம் என்றால் அவருக்கு அக்கறை உண்டு. நாற்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

பையன் ஒரு தாளில் வரைந்தான். உச்சியில் ஒரு வட்டம், சிடாம். அதிலிருந்து இடப்பக்கம் கிரி, வலப்பக்கம் கானான். ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு தோட்டம். "கிரியத் தூக்கிக் கானான் இருக்கிற எடத்துல வைக்கணும் தாத்தா. கானானத் தூக்கி இந்தப் பக்கம். அதுக்குக் கீழ இருக்கிற தோட்டமும் அதே மாதிரி எடம் மாறணும்."

"லயத்துச் சனமெல்லாம்?"

"அவங்களுந்தான்."

"எதுக்கு?"

"வேலைக்குத்தான்."

"வேலையில சேந்த பெறகு தெனமும் இதத்தான் செய்வியா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "இல்ல தாத்தா. அதுக்கப்பறம் ஒரு நாளும் செய்ய மாட்டேன்."

தாத்தாவுக்கு நடந்தது ஒரே சுற்று. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் கையில் உளியைக் கொடுத்து ஒரு மரத்தைக் காட்டி, வெட்டு என்றார். அதிலும் இடம் வலம் இருந்தது. பால்மரத்துப் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தபடி ஏறுகின்றன. அதனால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும், அப்போதுதான் கூடுதல் குழாய்கள் அறுபடும். மாற்றி வெட்டினால் மங்கில் பால் குறையும். பட்டையைக் காகிதம் போலச் சீவ வேண்டும். கை அழுந்தி உளி கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மண்டோர் விரல் நுனியால் வெட்டைத் தடவிப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறையில் அத்தை. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் கடை விரித்தது. அந்த வட்டாரமே மின்னணுத் தொழிற்சாலைகளால் நிறைந்தது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சில்லில் இணைக்கிற வேலைக்கு அத்தை போனார். அங்கே ஒரு தொழிற்சாலையில் கண்ணைச் சோதித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். பிறகு தொழிற்சாலைகளே கெடாவுக்கு வந்தன. கூலிம் ஹைடெக் பார்க் 1996-இல் திறந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே இன்பினியோன், சிலிக்கான் கார்பைடு சில்லுக்கென்றே பெரிய ஆலையைத் திறந்தது. வேலை வீட்டுக்குப் பக்கத்தில் வர வர இண்டர்வியூதான் தூரம் போகிறது.

சம்பந்தமில்லாததைக் கேட்பது என்னவோ பழைய வழக்கம். 1921-இல் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளிடம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். கேள்விகள் பத்திரிகைக்குக் கசிந்தன. அப்போது அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடமும் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டுப் பார்த்தார்கள். புத்தகத்தில் கிடைப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று அவர் நழுவிவிட்டார். ரப்பர் எங்கிருந்து இறக்குமதியாகிறது என்பதும் எடிசன் தாளில் ஒரு கேள்வி. தாத்தாவைக் கேட்டிருந்தால் மரத்தின் வரிசை எண்ணோடு சொல்லியிருப்பார்.

மாமாவின் யோசனை வேறு: "உள்ளுக்குள்ள நம்ம ஆளு இருக்கானா பாரு." அதிலும் தப்பில்லை. ஊழியர் ஒருவர் ஆள் கூட்டிவந்து, அந்த ஆள் சில மாதம் தங்கினால், கூட்டிவந்தவருக்குப் பணம் தரும் நிறுவனங்கள் இன்று ஏராளம். இதைக் கேட்டுத் தாத்தா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. சொந்த ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களைத் திரட்டிவந்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பிறகு அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. 1938-இல் இந்திய அரசு ஆளனுப்புவதைத் தடுத்ததோடு அந்த முறை முடிந்தது என்கிறது வரலாற்றுப் புத்தகம். மனிதவளத் துறைக்கு அந்தப் புத்தகம் போய்ச் சேரவில்லை போல.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இண்டர்வியூ கதை சுந்தர் பிச்சையுடையது. மதுரையில் பிறந்த அவர் கூகுளுக்கு இண்டர்வியூ போன நாள் 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிப்பு வந்ததும் அன்றுதான். ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்க, முட்டாள்கள் தின வேடிக்கையோ என்று அவர் விழித்தார். நான்காவது ஆள்தான் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆள் கேட்டபோது பதில் இருந்தது. "அப்ப அஞ்சு ரவுண்டு வைக்கிறது நல்லதுக்குத்தான்" என்று அம்மா முடிவு கட்டினார்.

ஐந்தாவது சுற்று வீடியோவில் நடந்தது. மேலே சட்டை, டை, கீழே கைலி. திருநீற்றுத் தட்டோடு பாட்டி இரண்டு முறை திரையின் குறுக்கே போனார். கேள்வியும் வந்தது: மரத்தைத் திருப்பு. பையன் பழக்க தோஷத்தில் இடதுக்குக் கிரி, வலதுக்குக் கானான் என்றே பெயர் வைத்து எழுதினான். மாற்றும்போது ஒன்றைச் சற்று நேரம் ஓரமாக வைக்க மூன்றாவதாக ஓரிடம் வேண்டும். அதற்குப் பக்கத்து ஊரான பாடாங் செராயின் பெயரைப் போட்டான். எதிரே இருந்த மலாய்ப் பெண்மணி சிரித்துவிட்டார். அவரும் அதே பக்கம், லூனாஸ்காரராம்.

பிறகு இரண்டு வாரம் சத்தமே இல்லை. தினமும் காலையில் பசியாறும்போது தாத்தா கேட்பார்: "பேர் போட்டாங்களா?" மூன்றாவது வாரம் மின்னஞ்சல் வந்தது. உங்களை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, வரும் செவ்வாய்க்கிழமை ஆறாவது சுற்று.

தாத்தா ரொட்டியைக் கோப்பியில் நனைத்தார். "அந்த மண்டோருக்குத் தடவிப் பாக்கத் தெரியலடா."